கூதிரும் பனியும் குழவியர் இல்லமும்

குளிர்காலம் என்றவுடன் நம் மாணாக்கர் பலர் உள்ளத்தில் தோன்றுவது, வெண்பனி மூடிய கூரைகளும், கணப்புத் தீயைச் சூழ்ந்திருக்கும் குடும்பமுமாகிய மேனாட்டுக் காட்சியே. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிற் பிறந்தார்க்கு அது படத்திற் கண்டதேயன்றி வாழ்விற் கண்டதன்று. ஆயினும் நமக்கும் நெடியதொரு குளிர்காலம் உண்டு. அஃது ஐப்பசியில் மழையொடு தொடங்கி மாசியிற் பனியொடு முடிவது. அக்காலத்தில் இளங்குழந்தைகளையுடைய ஒரு குடும்பம் படும் பாடும், அதனைக் குறைக்கும் வழிகளும் எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கார் வேறு, கூதிர் வேறு எனப் பிரித்தமை கூர்ந்து நோக்கத்தக்கது. மழையொடு வாடையும் கூடி உடலை நடுக்கும் காலத்தைத் தனியே பெயரிட்டு உணர்ந்தவர் அவர்.

இக்காலம் நமக்கு வருவதன் காரணம் யாது? வடகோளத்தில் கதிரவன் வெம்மை குறையவே, ஆசியாவின் பெருநிலப்பரப்பு கடலினும் விரைந்து குளிர்கின்றது. குளிர்ந்த காற்று வடகிழக்கினின்று வீசி, வங்கக்கடலைக் கடக்குங்கால் நீராவியை முகந்து கொண்டு நம் கரையை அடைகின்றது. புதுச்சேரியின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது இதனாலேயே. நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருத்தலின், மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரத்திற்கு மிகக் குறைவதில்லை. தைத்திங்கள் விடியலிலும் வெப்பம் பெரும்பாலும் 20 பாகை அளவினதே. இதனைக் கேட்கும் மேனாட்டார் நகைப்பர். ஆனால் ஈரத்தரையும், ஒழுகும் கூரையும், உலராத துணியும் உள்ள வீட்டில் அவ்வளவு குளிரும் ஒரு கைக்குழந்தைக்குப் போதிய பகையாம்.

அஃது எங்ஙனம் எனிற் கூறுவோம். உடலின் வெம்மை தோலின் வழியே வெளியேறுகின்றது. பிறந்த குழந்தையின் தோற்பரப்பு, அதன் எடையை நோக்க, பெரியோர்க்கு உள்ளதினும் இரண்டரை முதல் மூன்று மடங்கு மிகுதியானது. பெரியோர் குளிருங்கால் நடுங்கி வெம்மை பெறுவர். பச்சிளங்குழந்தைக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலின் பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் நீராட்டாது, துடைத்து, தாயின் மார்பொடு தோல் படிய அணைத்து, மேலே துணி போர்த்துதலே நன்று என்பது இக்கால மருத்துவர் துணிபு. தாயின் மார்பினும் சிறந்த கணப்பு உலகில் இல்லை.

இனி வீட்டினுள்ளே நோக்குவோம். அடைமழை தொடங்கினால் விறகும் வறட்டியும் நனைந்துவிடும். நனைந்த விறகு எரிவதினும் புகைவதே மிகுதி. வாடைக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட, அப்புகை முழுதும் உள்ளே தங்குகின்றது. இங்கே ஓர் இக்கட்டு உண்டு: கதவைத் திறந்தால் குழந்தைக்குக் குளிர், அடைத்தால் புகை. இவ்விரண்டனுள் புகையே கொடிது. சிறுகுழந்தைகளுக்கு நுரையீரல் அழற்சி உண்டாதற்கு அடுப்புப் புகையும் ஒரு பெருங்காரணமென்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே சமைக்கும் பொழுதேனும் குழந்தையை வேறிடத்தில், திண்ணையின் காற்றுப்படாத மூலையிலாயினும், வைத்தல் வேண்டும். எரிவாயு அடுப்பு உள்ள வீட்டார் மழைக்கு முன்னரே உருளையை நிரப்பி வைத்தல் நலம். குழந்தையை நீராட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுதலும், மூக்கில் எண்ணெய் விடுதலும் நம் பாட்டிமார் அன்பினாற் செய்தவை. எனினும் புகை மூச்சுக்குழலை வருத்தும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலை அடைந்து தீங்கு செய்யும். அன்பைக் கொள்வோம், அவ்விரண்டையும் விடுவோம்.

சளியும் இருமலும் இக்காலத்தில் எல்லாக் குழந்தைகட்கும் வரும். எது தானே தீரும், எது மருத்துவமனைக்கு உரியது என அறிவதே பெற்றோர்க்கு அரிய செயல். அதற்கொரு எளிய அளவுண்டு. குழந்தை அழாது அமைதியாயிருக்கையில், மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை முழுமையாக ஒரு நிமிடம் எண்ணுக. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60-ம், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50-ம், ஒன்று முதல் ஐந்தாண்டு வரை 40-ம், அவற்றின் மேலும் மூச்சு எழுமாயின் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க. மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும், குழந்தை பால் குடியாது சோர்ந்தாலும் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. மழை விடட்டும் என்று காத்திருத்தலே பல வீடுகளில் நேரும் பிழை.

மழைநீர் கிணற்றிலும் குழாயிலும் கலக்குங்கால் வயிற்றுப்போக்குத் தோன்றும். நீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே பருகுக. நோய் வந்துழி உப்புச்சருக்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். அப்பொட்டலம் கிடையாதாயின், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துதல் கூடாது.

குளிரினும் நோயினும் கொடியதொன்று வெள்ளம். செஞ்சி மலைப்பகுதியினின்று வரும் சங்கராபரணி வில்லியனூரை அடுத்தும், கருநாடகத்துத் தோன்றும் தென்பெண்ணை பாகூர்ப் பகுதியை ஒட்டியும் ஓடுகின்றன. பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை நிரப்பி நெற்பயிரை வளர்ப்பதும் அத்தென்பெண்ணையே. சில ஆண்டுகளில் வீட்டினுள் நுழைவதும் அதுவே. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியிற் பெய்த மழை ஏறக்குறைய 48 செண்டிமீட்டர். ஓராண்டு மழையில் மூன்றிலொரு பங்கினும் மேலானது. டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையினின்று வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையூர்களில் வெள்ளம் புகுந்தது. இதிற் கற்கத்தக்கது ஒன்றுண்டு. நம்மூரில் மழை நின்றபின்னரும், தொலைவிற் பெய்த மழை ஆற்றின் வழியே வந்து சேரும். வானம் வெளுத்தது கண்டு குழந்தைகளோடு மீண்டும் தாழ்ந்த வீட்டிற்குத் திரும்புதல் ஆகாது. அணைநீர் பற்றிய அறிவிப்பைக் கேட்டே திரும்புக. வெள்ளத்தால் வளையிழந்த பாம்புகள் வீடு தேடும். தரையில் உறங்காது கட்டிலிற் கொசுவலையை நன்கு செருகி உறங்குதல் பாம்புக்கும் கொசுவுக்கும் காப்பு.

இவையெல்லாம் உடலைப் பற்றியன. உள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். மழைநாளில் கூலி வேலை செய்வார்க்கு வயலிற் பணி இல்லை. பணி இல்லையேல் கூலி இல்லை. பள்ளிக்கு விடுமுறை விடப்படும். ஓரறையில் எல்லாரும் அடைந்திருக்க, தந்தையின் கவலை சினமாகிப் பிள்ளைகளின் முதுகில் இறங்குவது பல இல்லங்களிற் காணும் துயரம். மழை குழந்தையின் குற்றமன்று. பல்லாங்குழியும், தாயமும், ஐந்தாங்கல்லும், விடுகதையும் நம்மவர் இந்நாட்களுக்கென்றே வைத்த செல்வம். ஒரு காசும் வேண்டாதவை. வேலையற்ற தந்தை தம் மகளுடன் ஒரு நாழிகை தாயமாடினால், அவர்க்கும் மனம் ஆறும். அடுப்படியில் தனித்து வருந்தும் தாய்க்கும் சிறிது ஓய்வு கிட்டும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. அப்பனியும் ஒரு நாள் நீங்கும். சம்பா அறுவடையாகிக் களத்துமேட்டில் நெற்குவியல் எழும். ஈரத்துணிகளெல்லாம் வெயிலிற் காயும். அந்நாளில் வீட்டுக் குழந்தைகள் அனைவரும் நலமுடன் களத்தில் ஓடியாடுவதே இக்குளிர்காலத்தை வென்றதற்கு அடையாளம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், மூச்செண்ணும் முறையையும் கரைசல் கலக்கும் அளவையும் தத்தம் தெருவில் ஒரு தாய்க்கேனும் கற்பிப்பாராயின், அவர் கற்ற கல்வி பயனுடைத்தாம்.