காலால் படிக்கும் பனி

செங்குத்தான பனிமலைகளின் முகப்பில், இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒடுங்கி ஓடும் பனி நிறைந்த பிளவை ஆல்ப்ஸ் மலையேறிகள் ‘கூலுவார்’ என்பர். நடைவழி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. மலையேற்றத்தின் தொடக்க காலத்தில் இப்பிளவுகள் சிகரத்தை எட்டுவதற்கான ஏணிகளாகவே பயன்பட்டன. அவற்றின் வழியே சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு இறங்கவும் முடியும் என்ற துணிவு 1960களின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சில்வேன் சோடான். பிரான்சின் சாமொனி நகருக்கு மேலே உள்ள ஸ்பென்சர் கூலுவாரில் அவர் 1967 செப்டம்பரில் சறுக்கி இறங்கியதிலிருந்தே இந்தக் கலையின் நவீன வரலாற்றைப் பலரும் தொடங்குகின்றனர்.

பொதுவாக 45 பாகைக்கு மேற்பட்ட சாய்வே ‘செங்குத்துச் சறுக்கு’ என்று கொள்ளப்படுகிறது. எண்ணளவில் இதன் கடுமை விளங்காது. 20 பாகைச் சாய்வில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சறுக்குபவரைச் சாய்வின் வழியே கீழே இழுக்கிறது. 50 பாகையில் அந்த இழுவிசை முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. அத்தகைய இடத்தில் நிமிர்ந்து நிற்பவர் மலைப்பக்கம் கையை நீட்டினால் பனி விரலில் படும். மறுபக்கமோ காலுக்குக் கீழே வெறும் வெளிதான். வேகம் ஒருமுறை கைமீறினால் அதை மீட்பதற்குச் சமதளம் ஏதும் இல்லாததால், சறுக்குபவர் ஒரு திருப்பத்தை முடித்து, பலகைகளின் விளிம்பைப் பனியில் அழுத்தி நின்று, மூச்சை நிலைப்படுத்திக்கொண்ட பிறகே அடுத்ததைத் தொடங்குகிறார்.

ஆகவே இக்கலையின் உயிர்நாடி திருப்பத்தில்தான் இருக்கிறது. சோடான் எடையைக் குதிகால் பக்கம் சாய்த்து, பலகைகளின் முனைகளை மழைநாளில் காரின் கண்ணாடியைத் துடைக்கும் தண்டுகளைப் போல ஒருசேரச் சுழற்றினார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சு வீரர் பத்ரிக் வலான்சான், மேற்புறக் காலால் உந்தி எழுந்து, பலகைகள் பனியை விட்டு நீங்கும் அந்த நொடியிலேயே அவற்றைத் திருப்பி மறுபக்கம் பார்க்க இறங்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பலகைகள் காற்றில் இருக்கும் அந்த நொடியில் உடலைத் தாங்குவது சாய்வில் ஊன்றிய கோல் ஒன்றே. பலகையின் வால் பாறையிலோ பனித்திட்டிலோ சிறிது இடறினாலும் வீழ்ச்சி உறுதி.

இத்தனை நுட்பம் இருந்தும், தேர்ந்தவர்கள் பெரிதும் நம்புவது இறங்கும் திறனைவிட ஏறும் உழைப்பையே. தாழ்ந்த சாய்வுகளில் பலகையின் அடியில் ‘ஸ்கின்’ எனப்படும் பட்டைகளை ஒட்டிக்கொண்டு நடந்து செல்கின்றனர். முற்காலத்தில் கடல்நாய்த் தோலாலும் இன்று மொஹேர் அல்லது நைலான் இழைகளாலும் ஆன இப்பட்டையின் மயிர் பின்நோக்கிப் படிந்திருப்பதால், பலகை முன்னே வழுக்குமே தவிரப் பின்னே நழுவாது. சாய்வு கடுமையானதும் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு, காலணியில் ‘கிராம்பான்’ என்னும் எஃகு முட்சட்டத்தை மாட்டி, பனிக்கோடரியைப் பற்றி ஏறுகின்றனர். ஒவ்வொரு உதையிலும் பனி எத்தனை விரற்கடை உள்வாங்குகிறது, மேலோடு உடைந்ததும் அடியில் சர்க்கரை போன்ற உதிரிப் பனி இருக்கிறதா, எந்த வளைவில் பனிக்கட்டி வழவழவென்று வெளிப்பட்டுள்ளது என்பனவெல்லாம் கால் வழியாகவே தெரியவருகின்றன. ஹெலிகாப்டரில் உச்சிக்குப் போய் இறங்குபவருக்கு இந்த அறிவு கிட்டுவதில்லை. ஏறாமல் இறங்குவதைப் பல மலையேறிகள் மதிக்காததற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அந்த உதிரிப் பனியே பெரும் ஆபத்தின் ஊற்று. வலுவற்ற அடுக்கின்மேல் காற்று கொணர்ந்து குவித்த பனி பலகம்போல இறுகியிருக்கும்போது, ஒருவரின் எடை பட்டதும் அடியடுக்கு நொறுங்கி மேற்பலகம் முழுவதும் பெயர்ந்து ஓடுவதே கொடிய பனிச்சரிவு. இது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சாய்வுகளில் நிகழ்கிறது. அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி அடிக்கடி உதிர்ந்துவிடுவதால் பெருமளவில் தேங்குவதில்லை என்றாலும், அங்கே உயிரைப் பறிக்கப் பெரிய சரிவு தேவையில்லை. 2018இல் ஜிம் மாரிசனுடன் லோட்சே சிகரத்தின் உச்சியிலிருந்து அதன் கூலுவார் வழியே சறுக்கி இறங்கிய அமெரிக்க வீராங்கனை ஹிலரி நெல்சன், 2022இல் மனஸ்லு உச்சியருகே சிறிய அளவிலான ஒரு பனிச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டே உயிரிழந்தார். புதைந்தவரைக் கண்டறியும் அலைபரப்பிக் கருவி, துழாவும் நீள்கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் உடன்கொண்டு செல்கின்றனர். ஆயினும் பாறை முகப்பின்மேல் தூக்கி எறியப்பட்டவருக்கு அவற்றால் பயனில்லை.

நேரக் கணிப்பும் இதே அளவு முக்கியமானது. கடுங்குளிரில் விழும் உலர்பனி செங்குத்துப் பரப்பில் ஒட்டாமல் வழிந்துவிடுகிறது; வசந்த காலத்தின் ஈரப்பனியோ அப்பிக்கொள்கிறது. இரவில் உறைந்த அந்தப் பரப்பைக் காலை வெயில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் இளக்கும் சிறுபொழுதுதான் இறங்குவதற்கு ஏற்றது. அதற்கு முன் அது கண்ணாடி. அதன் பின் அது நிலைகுலைந்து ஓடும் ஈரப்பனி. இந்தச் சிறுபொழுதுக்காகவே நள்ளிரவில் புறப்பட்டு, விடியும்போது உச்சியில் காத்திருக்கின்றனர்.

எண்ணாயிரம் மீட்டர் சிகரங்களில் இக்காத்திருப்பு ஆண்டுக்கணக்கிலும் நீளும். ஸ்லோவேனியாவின் தாவோ கர்னிச்சார் 2000ஆம் ஆண்டு எவரெஸ்ட் உச்சியிலிருந்து அடிவார முகாம் வரை பலகைகளைக் கழற்றாமலே இறங்கினார். போலந்தின் ஆந்த்ஷெய் பார்கியேல் 2017இல் கே2 சிகரத்துக்குச் சென்று, நிலைமை பாதுகாப்பாக இல்லை என்று கண்டு திரும்பிவிட்டார். மறு ஆண்டு மீண்டும் வந்து, ஜூலை 22 அன்று செயற்கை உயிர்வளி இன்றி உச்சியை எட்டிப் பலகைகளைப் பூட்டினார். சற்றுக் கீழே மேகம் சூழ்ந்து வழி மறைந்தபோது நின்றுவிட்டார். மேகம் விலகி அடுத்த சாய்வு கண்ணுக்குத் தெரிந்த பிறகே நகர்ந்து, அன்று மாலைக்குள் அடிவார முகாமை அடைந்தார்.