சிவப்பு பட்டனில் தொடங்கு

பிச்சாவரம் படகுத்துறைக்குப் போகிற வழியில், கிள்ளையில் ஒரு டீக்கடை. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்த அக்கா மகன் எதிரே உட்கார்ந்திருந்தான். “பி.எல்.சி. படிக்கணும் மாமா. கோடிங் தெரியணுமாமே?” என்றான்.

வீட்டு போர் மோட்டார் ஸ்டார்ட்டர் தெரியுமில்லையா, அதிலிருந்தே தொடங்கலாம் என்றேன்.

பச்சை பட்டனை அழுத்தி விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது? ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காண்டாக்டர் இழுத்ததும் கூடவே ஒரு சின்ன காண்டாக்ட் மூடிக்கொள்கிறது. காயிலுக்கு அதன் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் ஹோல்டிங் என்கிறோம். சிவப்பை அழுத்தினால் அந்த வழி அறுந்துவிடும்.

அந்தக் காலத்து கார் ஆலைகளில் இந்தக் காண்டாக்டர் போலவே வேலை செய்யும் ரிலேக்கள் பீரோ பீரோவாக நிற்கும். காரின் மாடல் மாறினால் ஒயரையெல்லாம் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். இதற்கு மாற்று வேண்டுமென்று 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டது. டிக் மார்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 என்ற பி.எல்.சி., அதாவது ப்ரோகிராம் மூலம் இயங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அடுத்த ஆண்டு வந்தது. ஒயர் இருந்த இடத்தில் ப்ரோகிராம். ஆலை எலக்ட்ரீஷியன் வாசிக்க வேண்டும் என்பதால் அதை ரிலே வரைபடம் போலவே ஏணி வடிவில் அமைத்தார்கள், அதுதான் லேடர். தம்பி, அது உன்னைப் போன்றவர்களுக்காகவே பிறந்த மொழி.

பி.எல்.சி. பெட்டிக்குள் நடப்பது இவ்வளவுதான்: பட்டன், ஃப்ளோட் சுவிட்ச், சென்சார் எல்லாவற்றின் நிலையையும் ஒருமுறை படிக்கும், லேடரை மேலிருந்து கீழே பார்த்து வரும், காண்டாக்டர்களுக்கு உத்தரவு கொடுக்கும், மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லி வினாடி. ஒரே மோட்டாரின் காயிலை இரண்டு படிகளில் எழுதினால் பெரும்பாலும் கீழே உள்ளதே செல்லும். புதியவர்கள் இதில் நாள்கணக்கில் திண்டாடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய திண்டாட்டம் சிவப்பு பட்டன். அதை என்சியாக, அதாவது அழுத்தாதபோது மூடியிருக்கும்படி, இணைக்க வேண்டும். சும்மா இருக்கையில் சிக்னல் வந்துகொண்டே இருக்கும். எலி ஒயரைக் கடித்தாலும், இந்த உப்புக்காற்றில் டெர்மினல் அரித்துப்போனாலும் சிக்னல் நின்று மோட்டார் நின்றுவிடும். மாற்றி இணைத்தால், ஒயர் அறுந்தது ஆபத்தில் ஓடிவந்து அழுத்துகிறவனுக்குத்தான் தெரியும். பட்டன் என்சி என்பதால் லேடரிலும் என்சி குறி போட்டால் மோட்டார் கிளம்பாது. லேடர் கேட்பது சிக்னல் இருக்கிறதா என்பதை மட்டுமே. இருந்தால் வழிவிட வேண்டும். ஆகவே அங்கே என்ஓ குறி, அதாவது சிக்னல் இருந்தால் மட்டும் மூடுவது. இது புரிய எனக்கே நாளாயிற்று. அவசரநிலை பட்டனோ ப்ரோகிராமை நம்பியே இருக்கக் கூடாது. காண்டாக்டருக்குப் போகும் கரண்டையே நேராக வெட்ட வேண்டும்.

“இந்த ஊர்ல இதுக்கு என்ன வேலை மாமா?”

இறால் குளத்தைப் பார். விடியுமுன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரம் கரண்ட் போய்த் திரும்பினால், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர், ஹோல்டிங் விட்டுப்போனதால், தானாக ஓடாது. மாவு மில்லில் அது நல்லது. பெல்ட்டுக்குள் கை வைத்திருப்பவன் பிழைப்பான். குளத்தில் அதுவே இறாலுக்கு எமன். எல்லா ஏரேட்டரையும் ஒரே நொடியில் ஓட்டினாலும் ஆகாது. கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஜெனரேட்டர் தாங்காது. ஆகவே முதலில் சைரன், பிறகு டைமர் வைத்து ஒவ்வொன்றாக. குளத்தில் இறங்கி ஏரேட்டரைப் பழுது பார்க்கிறவனுக்காகக் கரையிலேயே கரண்டைத் துண்டித்துப் பூட்டு போடக்கூடிய ஐசொலேட்டர். எதை நிறுத்துவது, எதைத் தானாக ஓட விடுவது என்று முடிவு செய்வதுதான் ப்ரோகிராம். லேடர் அதை எழுதி வைக்கும் முறை.

இந்த ஏரேட்டர் கணக்கை முதலில் நோட்டில் வரையச் சொன்னேன். பிறகு கோட்சிஸ் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

பிள்ளைகளைப் பயிற்சி மையத்தில் சேர்க்கும் பெற்றோர், பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: பி.எல்.சி.யில் பையனே ஒயர் மாட்டி, ஓடும்போது ஒரு ஒயரைக் கழற்றி என்ன ஆகிறதென்று பார்க்க விடுவீர்களா? விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.