உள்ளே போகலாமா, சார்?

பள்ளிப் பிள்ளைகளைக் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்திற்கு ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தோம். துணைக்கு வந்த ஒரு தாய், பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர், வாசலில் தயங்கி நின்றார். "சார், நாமெல்லாம் உள்ளே போகலாமா?" என்று மெல்லக் கேட்டார். "தாராளமாப் போகலாம்மா. டிக்கெட்கூட இல்லை" என்றேன். அப்படியும் செருப்பைக் கழற்றப் போனார்.

அந்தக் கேள்வி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. 1958இல் தோன்றிய அந்தக் கலைக்கூடம் 1998இல் இப்போதைய கட்டடத்திற்கு வந்தது. அது நம் வரிப்பணத்தில் நடப்பது, நமக்கும் உரியது. ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? "வாருங்கள், இது உங்கள் இடம்" என்று கட்டடமே சொல்ல வேண்டாமா?

சொல்ல முடியும் என்பதற்குப் பிரேசில் நாட்டில் ஒரு சான்று உண்டு. சாவோ பாவுலோ நகரில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை, வணிகத் தொழிலாளர் நல அமைப்பு ஒன்றுக்காகக் கலை மையமாக மாற்றும் பணி லினா போ பார்டி என்ற பெண் கட்டடக் கலைஞரிடம் வந்தது. அவர் போய்ப் பார்த்தபோது, விடுமுறை நாளில் குடும்பங்கள் அங்கே கூடியிருந்தன, பிள்ளைகள் ஓடியாடினர். இந்த மகிழ்ச்சி கலையக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். செங்கல் சுவர்களை இடிக்காமல் கண்காட்சிக் கூடம், நூலகம், பட்டறைகள், உணவுக்கூடம் எல்லாவற்றையும் அங்கேயே அமைத்தார். 1982இல் அது திறக்கப்பட்டது. சாப்பிட வந்தவர் ஓவியமும் பார்த்துவிட்டுப் போகலாம்!

ஜப்பானின் கனசாவா நகரில் 2004இல் திறந்த கலைக்கூடமோ வட்ட வடிவம். சுற்றிலும் கண்ணாடி, பல திசைகளிலும் வாசல். அதற்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது தெரிகிறது. தெரிந்தால் அச்சம் போய்விடும் அல்லவா?

நம் கோலா குபு பாருவும் திட்டமிட்டுக் கட்டிய ஊர்தான். வெள்ளம் பாழாக்கிய பழைய ஊருக்கு மாற்றாக, 1920களில் சார்லஸ் ரீட் என்ற நகரத் திட்ட வல்லுநர் மரமும் திடலும் வீடுகளும் இணைந்திருக்கும்படி இதை வகுத்தார். மக்கள் கூடுவதற்கும் இடம் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் வீட்டை மட்டுமா இழந்தன? கோயில் வாசல், பந்துத் திடல், பெரட்டுக் களம் என்று கூடி நின்ற இடங்களையும் இழந்தன. சும்மா கிடக்கும் ஒரு புகைக்கொட்டகையோ பொது மண்டபமோ கிடைத்தால், அதையே சிறு கலைக்கூடமாக்கலாம். சிறுவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் படங்கள், முதியோர் உட்காரப் பெஞ்சுகள், தமிழிலும் மலாயிலும் விளக்கம், வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும் திறந்த கதவு. பால்வாளியும் மங்கும் ஒரு மூலையில். இன்றைய ஓவியர்களின் படைப்புகளுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகளின் ஓவியம்.

அன்று அந்தத் தாய் ஓர் ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றார். திரும்பும்போது பஸ்ஸில், "என் மகளும் இப்படி வரைவாளா சார்?" என்று கேட்டார். முதல் கேள்வியைக் கேட்கும் நிலை நீங்கினால், இந்த இரண்டாம் கேள்வி நம் வீடுதோறும் பிறக்கும்.