செத்துப்போன செயற்கைக்கோள்! பிழைக்க வைத்தது சந்திரன்!!

இனி தேறாது என்று இன்சூரன்ஸ்காரர்களே தலைமுழுகிய ஒரு செயற்கைக்கோள், சந்திரனை 2 தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் வேலையில் சேர்ந்தது. இந்த அதிசயம் நடந்தது 1998-ம் ஆண்டில்.

அதன் பெயர் ஆசியாசாட்-3. ஹாங்காங் கம்பெனிக்காக அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. ஆசிய நாடுகளுக்கு டெலிவிஷன் படம் அனுப்புவது அதன் வேலை. 1997 கிறிஸ்துமஸ் சமயத்தில், பைக்கானூரில் இருந்து ரஷிய புரோட்டான் ராக்கெட் அதைத் தூக்கிச் சென்றது.

பாதியில் நின்ற என்ஜின்

கிளம்பியது என்னவோ நன்றாகத்தான் கிளம்பியது. கடைசிக் கட்டத்தில் ராக்கெட் என்ஜின் பொசுக்கென்று நின்றுவிட்டது!

போக வேண்டிய இடம், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரம். மாட்டிக்கொண்டதோ 51 டிகிரி சாய்ந்த கோணல் பாதையில். ஒரு முனை உச்சியில், மறுமுனை பூமிக்குப் பக்கத்தில்.

செயற்கைக்கோளில் சொந்த என்ஜின் உண்டு. ஆனால் அதை வைத்துப் பாதையை நிமிர்த்தினால் டாங்க் காலி. அப்புறம் வேலை செய்வது எப்படி? சுமார் 20 கோடி டாலர் நஷ்டஈடு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

லாரியும் சைக்கிளும்

அப்போதுதான் வந்தது சந்திரன் யோசனை. எட்வர்ட் பெல்ப்ருனோ, ரெக்ஸ் ரிடனோர் என்ற இருவர் நிலா வழியாகக் கொண்டு வரலாம் என்றார்கள். ஹியூஸ் என்ஜினீயர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, வேறொரு சுருக்கமான நிலா வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மேட்டில் மிதிக்க முடியாத சைக்கிள்காரர், போகிற லாரியைப் பிடித்துக்கொள்வார் அல்லவா? அதே சங்கதிதான். சந்திரனின் ஈர்ப்புச் சக்தி கலத்தைப் பிடித்து இழுத்து, பாதையைத் திருப்பிவிடும். எண்ணெய்ச் செலவு இல்லை. லாரிக்கும் பாரம் தெரியாது!

பூமியை நெருங்கும்போதெல்லாம் என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துப் பாதையை நீட்டினார்கள். 1998 மே 13-ந் தேதி சந்திரனுக்கு மேலே 6,200 கி.மீ. தூரத்தில் கலம் கடந்தது. ஜூன் 6-ந் தேதி மறுபடியும் ஒரு சுற்று. 51 டிகிரி சாய்வு 10-க்கும் கீழே இறங்கியது!

வீட்டிலேயே பார்க்கலாம்

இந்த வித்தையை இன்று கம்ப்யூட்டரிலேயே பழகலாம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டு அதற்கு ஏற்றது. பாதையில் ஒரு புள்ளி வைத்து, அங்கே என்ஜின் எரிந்தால் கலம் எங்கே போகும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். விளையாட்டில் வரும் நிலாவுக்குப் பெயர் மன். ஓடுகிற நிலாவின் முதுகுப்பக்கம் கடந்தால் வேகம் கூடும். முன்பக்கம் கடந்தால் வேகம் குறையும். சற்றே தப்பினாலும் கலம் எங்கேயோ போய்விடும்!

ஆசியாசாட்-3 தப்பவில்லை. எச்.ஜி.எஸ்.-1 என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு, 2002-ம் ஆண்டு வரை பணியில் இருந்தது. கணக்கை முடித்த பிறகு 4 வருஷம்!