வினிகருக்கு எந்த நிறங்காட்டி?

வினிகரில் அசிட்டிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அறியத் தரம்பார்த்தல் நல்ல வழி. நீர்த்த வினிகரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டுக்கொண்டே வருகிறோம். அமிலம் தீர்ந்த கணத்தை நிறமாற்றம் காட்ட வேண்டும்.

அமிலம் தீர்ந்ததா என்பதை நிறங்காட்டி நேரடியாக அறியாது. கரைசலின் பிஎச் மதிப்புக்கு மட்டுமே அது அசையும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய பினாப்தலீன் ஏறத்தாழ 8.2 வரை நிறமற்றிருந்து, பிறகு இளஞ்சிவப்பாகும். ஆகவே வினை முடியும்போது பிஎச் எங்கே நிற்கும் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

7-இல் நிற்கும் என்றே பலரும் நினைப்பார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அது சரி. வினிகரில் அமிலம் தீர்ந்ததும் எஞ்சுவது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி நீரிலிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொள்வதால் ஹைட்ராக்சைடு அயனிகள் சிறிதளவு உண்டாகின்றன. இரு கரைசல்களும் 0.1 மோலார் என்றால் அந்த இடத்தில் பிஎச் ஏறத்தாழ 8.7. ஒரு சொட்டுக்கு முன் 7.5, ஒரு சொட்டுக்குப் பின் 10. பினாப்தலீன் இந்தத் தாவலுக்குள் கச்சிதமாக அமர்கிறது.

மெத்தில் ஆரஞ்சைச் சேர்த்தால் விபரீதம். 25 மி.லி. காரம் தேவைப்படும் கரைசல், 8 மி.லி. விடுவதற்குள்ளேயே முழு மஞ்சளாகிவிடும். அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குடுவையில் அப்படியே இருக்கும்; கணக்கோ வினிகரில் உண்மையில் உள்ளதைவிட மிகக் குறைந்த அமிலமே இருப்பதாகச் சொல்லும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இந்தக் கவலை இல்லை. கடைசி இரண்டு சொட்டுகளில் பிஎச் 4-லிருந்து 10-க்குத் தாவுவதால் இரண்டு நிறங்காட்டிகளுமே பயன்படும். அம்மோனியாவை அந்த அமிலத்தால் தரம்பார்த்தால் முடிவு 5.3 அருகே, மெத்தில் சிவப்பு பொருந்தும். அசிட்டிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் சேர்த்தாலோ தாவலே கிடையாது. எந்த நிறங்காட்டியும் உதவாது. கடத்துத்திறனை அளந்துதான் முடிவைக் காண வேண்டும்.

பினாப்தலீனும் ஒரு வலிமை குறைந்த அமிலமே. நிறையச் சேர்த்தால் அதுவும் காரத்தில் பங்கு கேட்கும். இரண்டு மூன்று சொட்டு போதும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அளவைக் குறித்துக்கொள்ளலாம். அதன்பின் நிறம் மங்கினாலும் மேலும் காரம் விடக் கூடாது: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் வரும் மங்கல் அது.