ஏமாற்று நாளா, விருந்து நாளா?

(வானொலியில் வழங்கிய ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. பீடத்தைத் துப்புரவு செய்ய அன்பியத்துத் தாய்மார்கள் வந்திருந்தார்கள். பதினோரு மணி இருக்கும். அவர்களில் ஒருவர் திடீரென்று பெஞ்சில் சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். நல்லவேளை, நினைவு தப்பவில்லை. அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பது பக்கத்து வீட்டுத் தாய்க்குத் தெரிந்திருந்தது. உடனே சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடல ஃபாதர். மாத்திரை மட்டும் போட்டேன். நேத்து அண்ணன் பையன் கல்யாணத்துல நல்லா சாப்பிட்டுட்டேன். அஞ்சு மாசமா கட்டுப்பாடா இருந்து ஆறு கிலோ குறைச்சேன். நேத்து எல்லாரையும் ஏமாத்திட்டேன். அதான் இன்னைக்குப் பட்டினி" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் சொன்ன 'ஏமாத்திட்டேன்' என்ற சொல் அன்று முழுவதும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் மகன் திருமணத்தில் உறவினரோடு அமர்ந்து சாப்பிட்டவர், ஏதோ திருடிவிட்டதுபோல் ஏன் பேசுகிறார்?

பிறகுதான் விசாரித்தேன். எடை குறைப்பவர்கள் நடுவில் 'சீட் டே' என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம். 'ஏமாற்று நாள்' என்று பொருள். வாரத்தில் ஆறு நாள் அளவோடு சாப்பிட வேண்டும்; ஏழாம் நாள் விரும்பியதை விரும்பிய அளவு சாப்பிட்டுக்கொள்ளலாம். "அந்த ஒரு நாள் இல்லன்னா ஆறு நாள் தாக்குப்பிடிக்க முடியாது ஃபாதர்" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். "அந்த ஒரு நாளே ஆறு நாள் உழைப்பையும் கெடுத்துவிடும்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எடை குறைப்பவர் அப்படி ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா? இதைத்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

இது அழகுக்காகக் கேட்கப்படும் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. நம் பங்கில் இந்த நோய் இல்லாத குடும்பத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் இன்று ஆலயத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறீர்கள். பீடத்தில் நிற்கும் நானும் அவர்களில் ஒருவன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எட்டு கிலோ குறைக்கச் சொன்னார். திங்கள் முதல் சனி வரை உண்மையாகவே கட்டுப்பாடாக இருந்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறும் நிறையக் காயும், இரவு இரண்டு சப்பாத்தி. ஆனால் ஒரு பங்குத்தந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டில் புதுநன்மை விருந்து, இன்னொரு வீட்டில் வீடு மந்திரிப்பு, மாலையில் ஒரு பிறந்தநாள். "சாமி, ஒரு வாய் சாப்பிடாமப் போனா எங்க மனசு கேக்காது" என்று பாட்டிமார் சொல்வார்கள். நானும் "ஆறு நாள் கட்டுப்பாடாகத்தானே இருந்தோம்" என்று உட்கார்ந்துவிடுவேன். நான்கு மாதம் கழித்து எடை பார்த்தால், குறைந்தது ஒரே ஒரு கிலோ!

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு நாளைக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் ஆறு நாளில் மிச்சமாவது 3,000 கலோரி. ஞாயிறு காலை பூரி, மதியம் இரண்டு முறை வாங்கிய பிரியாணி, அதன்மேல் ஐஸ்கிரீம், மாலையில் பஜ்ஜியும் கேக்கும், இரவில் பரோட்டாவும் சால்னாவும் என்று ஓடினால், வழக்கத்தைவிட இரண்டாயிரம், மூவாயிரம் கலோரி கூடுதலாக ஏறிவிடுவது பெரிய காரியமல்ல. வாரம் முழுவதும் உண்டியலில் போட்டதை ஞாயிற்றுக்கிழமை உடைத்துச் செலவழித்த கதைதான்.

இந்தக் கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. விருந்துக்கு மறுநாள் காலை எடைக்கருவியில் ஏறினால் ஒன்றரை, இரண்டு கிலோ கூடியதாகக் காட்டும். "எல்லாம் போச்சு" என்று மனம் உடைந்துபோவது அந்த நேரத்தில்தான். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும். ஒரே நாளில் அது எளிதில் நடக்காது. அப்படியானால் கூடிய எடை எது? பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் சேமிக்கும்போது அதனோடு சுமார் மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாளில் அது தானாகவே இறங்கிவிடும். இது தெரியாததால்தான் பலர் திங்கட்கிழமை பட்டினி கிடக்கிறார்கள். அல்லது "இனி என்ன இருக்கிறது" என்று முயற்சியையே கைவிட்டு விடுகிறார்கள். விருந்து செய்த கேட்டைவிட விருந்துக்குப் பின்வந்த விரக்தி செய்யும் கேடு பெரியது.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தவக்காலத்திலும் மறைக்கல்விப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "ஃபாதர், தவக்காலத்துல சாக்லேட் சாப்பிட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடலாமா?" காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாள். நாம் சொல்வதோ நாற்பது நாள். மீதி ஆறு நாள் எங்கே போயிற்று? அவை ஆறு ஞாயிறுகள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அது நோன்புக்குரிய நாளல்ல என்பது தொடக்கத் திருச்சபையிலிருந்தே வரும் மரபு. 4-ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கங்கரா நகரில் கூடிய ஆயர்கள், தவம் என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமையிலும் நோன்பிருந்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இன்றும் வெள்ளிக்கிழமையில் பெருவிழா வந்துவிட்டால் அன்று சுத்தபோசனக் கடமை இல்லை. தவக்காலத்து நான்காம் ஞாயிறன்று பீடத்தில் பூ வைக்கலாம். குருவானவர் ரோஜா நிற உடை அணியலாம்.

அப்படியானால் திருச்சபையும் 'சீட் டே' வைத்திருக்கிறதா? இல்லை. திருச்சபை வைத்திருப்பது விருந்து நாள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். விருந்து நாள் முன்கூட்டியே நாட்காட்டியில் குறிக்கப்பட்டது. ஆசை வந்தபோது முளைத்ததல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கூட இருந்து உண்ண ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு முடிவும் இருக்கிறது. திங்கட்கிழமை நோன்பு அமைதியாகத் தொடர்கிறது. ஏமாற்று நாளோ, வெறுத்துக்கொண்டே சுமந்த பாரத்தை வீசி எறியும் நாள். ஆறு நாளும் மனம் ஏழாம் நாள் பிரியாணியைச் சுற்றியே வருமானால், அந்த ஆறு நாளும் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது, வெறும் காத்திருப்புதான்.

போசனப்பிரியம் என்ற தீய குணத்துக்கு ஐந்து முகங்கள் உண்டு என்று பாப்பு பெரிய கிரகோரியார் கற்பித்தார். புனித தோமா அக்குவினாஸும் அதை எடுத்து விளக்கினார். நேரத்துக்கு முன்னே உண்பது, விலையுயர்ந்ததையே தேடி உண்பது, அளவுக்கு மிஞ்சி உண்பது, ஆவலாதியாக உண்பது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் பார்த்து உண்பது ஆகியவையே அவை. அளவுக்கு மிஞ்சுவது இந்த ஐந்தில் ஒன்றுதான். குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே நாள் முழுவதும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருப்பவரும் சாப்பாட்டுக்கு அடிமைதான்.

இதில் நமக்கு நல்ல வழிகாட்டி புனித இஞ்ஞாசியார். மனந்திரும்பிய புதிதில், 1522-இல், மன்ரேசா என்ற ஊரில் அவர் கடுமையாக நோன்பிருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் வயிற்று வலியால் அவதிப்பட்டார். அந்த அனுபவத்தால்தான் 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், நோன்பைக் குறைத்துக்கொள்ளவும் உடம்பைப் பேணவும் அறிவுறுத்தினார். அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் உணவைப் பற்றிச் சில ஒழுங்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பயன்பட்டது. அடுத்த வேளை எவ்வளவு சாப்பிடுவது என்பதை, பசியில்லாத நேரத்தில், ஒரு வேளை சாப்பிட்டு முடித்த பிறகு முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. பிரியாணி அண்டாவைத் திறந்து மணம் வந்த பிறகு எடுக்கிற முடிவை நாம் எடுப்பதில்லை. அது வயிறு எடுக்கிற முடிவு.

எனவே, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான். ஏமாற்று நாள் வேண்டாம்; விருந்து வேளை இருக்கட்டும். நாளல்ல, ஒரு வேளை. ஞாயிறு மதியம் குடும்பத்தோடு கறிச்சோறு என்றால், காலையும் இரவும் வழக்கம்போல் இருக்கட்டும். எந்த வேளை, எவ்வளவு என்பதைச் சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்ததும் முடிவு செய்துவிடுங்கள். தனியாக அறைக்குள் ஒளித்துச் சாப்பிடாதீர்கள். நாலு பேரோடு உட்கார்ந்து, செபித்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். மறுவேளை வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். தண்டனைப் பட்டினி வேண்டாம். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மூன்று வீட்டார் அழைத்தால் ஒரு வீட்டில் சாப்பிடுகிறேன், மற்ற இரண்டு வீட்டில் செபித்து, சர்க்கரை போடாத தேநீர் குடித்து வருகிறேன். பாட்டிமாரும் பழகிக்கொண்டார்கள். எடை மெதுவாக இறங்குகிறது.

ஆனால் எல்லாருக்கும் இதே அளவுகோல் பொருந்தாது. இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பீடத்தடியில் அன்று நடந்தது அதுதான். நீங்கள் விருந்தையும் நோன்பையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நோன்புக் கடமையைக்கூடத் திருச்சபை 18 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் 59 வயது நிறையும் வரைதான் விதிக்கிறது. நோயாளிகளை அது கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு வாய் வைத்தால் நிறுத்தவே முடியாமல், வயிறு வலிக்கும் வரை உண்டு, பிறகு குற்ற உணர்வில் வாடுபவர்கள் சிலர் உண்டு. அது மனவலிமைக் குறைவல்ல, சிகிச்சை தேவைப்படும் துன்பம். மருத்துவரிடம் சொல்லுங்கள். குடியை விட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்களுக்கு விருந்து நாள் என்று ஒன்று கிடையாது. சோறு வேறு, சாராயம் வேறு.

நம் ஆண்டவர் பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். அவரே கானாவூர்த் திருமணத்துக்கும் போனார். வரிதண்டுவோர் வீட்டுப் பந்தியிலும் அமர்ந்தார். பெருந்தீனிக்காரர் என்ற பழிச்சொல்கூட அவர்மேல் விழுந்தது. நோன்பும் விருந்தும் இரண்டுமே அவருக்குத் தந்தையின் கொடைகளாக இருந்தன. ஒன்றுக்காக மற்றொன்றைத் தண்டிக்கவில்லை.

அன்று அந்தத் தாயை வீட்டுக்கு அனுப்பும்போது நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, நீங்க யாரையும் ஏமாத்தல. பிள்ளையோட கல்யாணத்துல சாப்பிட்டீங்க. இப்போ வீட்டுக்குப் போய், எப்பவும் சாப்பிடுற அளவு மதியச் சாப்பாடு சாப்பிடுங்க." அவர் சிரித்துக்கொண்டே போனார். அதன்பின் இன்னும் மூன்று கிலோ குறைத்திருக்கிறார். இடையில் கிறிஸ்துமஸும் வந்தது. முறுக்கும் கேக்கும் அவர் வீட்டிலிருந்து எனக்கும் வந்தன. ஒரு துண்டு கேக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டு, மீதியைப் பீடச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டு விருந்து வேளை எது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தப் பந்தியில், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் ஒருவருக்கும் இடம் போடுங்கள். இறைவன் உங்கள் இல்லங்களையும் உங்கள் உணவையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.