பென் டிரைவைப் பிடுங்கும் முன்

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் வழியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஏலப்பாறை. இடுக்கி மாவட்டத்தின் இந்தப் பீர்மேடு தாலுகாவில் தமிழ் வழியில் படிக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் உண்டு. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணினியும் ஒரு பாடம். செய்முறைத் தேர்வும் உண்டு. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கி 2017-இல் 'கைட்' நிறுவனமான அமைப்பு, பள்ளிக் கணினிகளை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிவிட்டது. அந்தப் பிள்ளைகள் பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கக் கூடாது என்பதற்கு இதனாலேயே கூடுதல் காரணம் இருக்கிறது.

சாதாரண பென் டிரைவின் முனையை உற்றுப் பாருங்கள். பொன்னிறத்தில் நான்கு தகடுகள். ஓரத்து இரண்டும் சற்று நீளம். அவை மின்சாரத்துக்கானவை. செருகும்போது முதலில் 5 வோல்ட் மின்சாரம் சேரும், பிறகே தகவல் கம்பிகள் தொடும். உடனே பென் டிரைவ் ஒரு தகவல் கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வரவைத் தெரிவிக்கும். அதன்பின் கேட்டால்தான் பதில் சொல்லும். கணினி அதற்கு 1 முதல் 127-க்குள் ஓர் எண் கொடுத்து, தயாரிப்பாளர் யார், என்ன வகைக் கருவி என்று விசாரிக்கும். 'சேமிப்புக் கருவி' என்று பதில் வந்தால், அதற்குரிய மென்பொருளைக் கணினியே இயக்கிக்கொள்ளும்.

இந்த முறைக்குப் பெயர் யூ.எஸ்.பி. முதல் பதிப்பு 1996-இல் வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவை வழிநடத்தியவர் வதோதராவில் படித்த அஜய் பட். அதுவரை பிரின்டருக்கு ஒரு துளை, மவுஸுக்கு வேறொன்று. பல கருவிகளை மாட்டுவதற்குக் கணினியை அணைத்துத்தான் மீண்டும் போட வேண்டியிருந்தது.

இனிதான் சிக்கல். கோப்பை நகலெடுக்கும்போது லினக்ஸ் அதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது; பென் டிரைவுக்கு மெதுவாக அனுப்புகிறது. திரையில் 'முடிந்தது' என்று தெரிந்த பிறகும் எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். சில விநாடிகளில் முடியலாம், பெரிய கோப்பென்றால் நிமிடக் கணக்கில் நீளலாம். அதற்குள் பிடுங்கினால், மறுநாள் கோப்பின் பெயர் மட்டும் இருந்து, அளவு பூஜ்யம் என்று காட்டலாம். அப்படியானால் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்டுவிட்டது, உள்ளடக்கம் போய்ச் சேரவில்லை. விண்டோஸ் 10 தன் 2018 பதிப்பிலிருந்து பென் டிரைவுகளுக்கு இந்தத் தாமதத்தைத் தவிர்க்கிறது. அங்கே உடனே பிடுங்கிப் பழகிவிட்டுப் பள்ளிக் கணினி லேபுக்கு வருபவர்கள் எளிதில் ஏமாறலாம்.

வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு லேபில் செய்த வேலைதான் முழு உழைப்பும். அது தொலைந்தால் மீண்டும் உட்காரக் கணினி கிடைப்பதே சிரமம். ஆகவே ஆசிரியர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். கோப்புச் சாளரத்தில் பென் டிரைவ் பெயருக்கு அருகே உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். நினைவகத்தில் மிச்சமிருப்பதையெல்லாம் லினக்ஸ் அப்போது எழுதி முடிக்கும். எடுக்கலாம் என்ற அறிவிப்பு வந்தபின் கழற்றுங்கள். இடுக்கி மழைக்காலத்தில் மின்சாரம் நின்றாலும் இதே இழப்புத்தான், யூ.பி.எஸ். இல்லாத கணினியில் முக்கியமான கோப்பை நகலெடுத்தவுடனேயே அந்த அம்புக்குறியை அழுத்திவிடுவது நல்லது.